இருபது திகில் படம், இருபது ஆல்பம்: தரவரிசை இதுவரை வந்திருக்கும் இடம்

பிடித்த திகில் படங்களில் இருபது, பிடித்த ஆல்பங்களில் இருபது. இரண்டையும் ஒழுங்காக வரிசைப்படுத்திவிட வேண்டும் என்று ஆரம்பித்த வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. எப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கிறேன், இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுப் பார்த்தேன். எல்லாம் எட்டு, எட்டரை என்று வந்து நிற்கிறது. ஊரே கொண்டாடும் படத்துக்குக் குறைத்துப் போடக் கை வருவதில்லை. அதனால் மார்க்கை விட்டுவிட்டு இரண்டிரண்டாக மோதவிட ஆரம்பித்தேன். இன்றைக்கு ராத்திரி ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எது? அவ்வளவுதான் கேள்வி. புதிதாகச் சேர்க்கும் படத்தைப் பட்டியலின் நடுவில் இருப்பதோடு மோதவிட வேண்டும், ஜெயித்தால் மேல் பாதிக்குப் போய் அதன் நடுவில் இருப்பதோடு, தோற்றால் கீழ்ப் பாதியில் அதே மாதிரி. இருபது படம் இருக்கும் பட்டியலில் அதிகபட்சம் ஐந்து மோதலில் இடம் கிடைத்துவிடும்.

திகில் படத்துக்கு இது மட்டும் போதவில்லை. திடீரென்று எதையாவது முகத்துக்கு நேரே காட்டித் தூக்கிப்போட வைக்கும் படங்கள், அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டால் படுத்துவிடுகின்றன. தெரிந்த பிறகும் வயிற்றைப் பிசைவது எது என்று தேடியபோதுதான், திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. பட்டியலையே புரட்டிப் போட்ட சோதனை இது. 'தி ஷைனிங்' (1980) படத்தில் அந்தப் பையன் மூன்று சக்கர வண்டியில் ஹோட்டல் தாழ்வாரங்களைச் சுற்றுவானே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மரத் தரையில் சக்கரம் கடகடவென்று உருளும், கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அப்படியே அமுங்கும், மறுபடி மரம், மறுபடி கம்பளம். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் அடுத்த திருப்பத்தில் என்ன இருக்குமோ என்று காது தானாகவே முன்னால் ஓடுகிறது. எட்டாவது இடத்தில் இருந்த படம் இப்போது இரண்டாவது.

முதலிடம் ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982). அண்டார்டிகா முகாமில் யார் மனிதன், யார் இல்லை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொருவர் ரத்தத்திலும் சூடேற்றிய கம்பியை வைத்துப் பார்க்கும் காட்சி இருக்கிறது. சுர்ரென்று சத்தம் வந்தால் மனிதன். அந்தச் சுர் வந்ததும் நாம் விடுகிற மூச்சு இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் அது வருகிறது. வெளிவந்தபோது ஓடாத படம் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் இடத்துக்குத்தான் சண்டை. ஒரு பக்கம் 'சைக்கோ' (1960): பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தது, குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியும் எழுதிக் காட்டிச் சம்மதிக்க வைத்தது. இன்னொரு பக்கம் 'ஹாலோவீன்' (1978): கார்பென்டரே போட்ட பியானோ, கண்ட நடை மாதிரி ஐந்தைந்தாக விழும், நாலில் முடியும் என்று காத்திருக்கும் மனசை நிற்கவிடாது. இன்றைக்கு 'ஹாலோவீன்' ஒரு அடி முன்னால். ஐந்தாவது 'யாவரும் நலம்' (2009). பட்டப்பகலில் வீட்டு டிவியில் ஓடுகிற சீரியலை வைத்தே பயமுறுத்த முடியும் என்று காட்டிய படம், என்னைப் பொறுத்தவரை இதைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

ஆல்பங்களுக்கு ஒரே ஒரு கூடுதல் விதி: எதையும் தாண்டாமல் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் மோதவிட வேண்டும். மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' (1973) இதற்கு நல்ல உதாரணம். 'தி எக்சார்சிஸ்ட்' படத்தில் வந்த ஆரம்பத் துண்டை மட்டும் கேட்டவர்களுக்கு அது பேய் இசை. முழுசாகக் கேட்டால், இசைத்தட்டின் முதல் பக்கத்தின் முடிவில் ஒருவர் ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி அழைக்க அது வந்து சேர்ந்துகொள்கிறது, கடைசியில் மணிகள். திருவிழாதான் அது! பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்திருக்கிறார், அப்போது வயது 19. மூன்றாவது இடம்.

இரண்டாவது 'பிளாக் சாபத்' குழுவின் முதல் ஆல்பம் (1970). மழை, தூரத்து மணி, அப்புறம் ஷட்ஜத்திலிருந்து, அதாவது 'ஸ'விலிருந்து, பிரதி மத்யமத்தில், மேல் 'ம'வில், போய் உட்காரும் அந்த கிட்டார். இதைத் திகில் பட்டியலில் வைத்தாலும் தப்பில்லை.

முதலிடம் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986). எதனோடு மோதவிட்டாலும் ஜெயிக்கிறது, தியாகராஜரையும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கையும் (Bach) ஒரே வீட்டில் உட்காரவைத்து இருவரில் ஒருவரைக்கூட விருந்தாளியாக்காத ஆல்பத்தை வேறு எங்கே வைப்பது?

மாட்டிக்கொண்டு நிற்பது 'நாஸ்ஃபெராட்டு' (1922). மௌனப் படம், அதற்கென்று எழுதிய இசையிலும் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. காதுச் சோதனையை இதற்கு எப்படி வைப்பது? இப்போதைக்குப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். அடுத்து, பின்னாளில் சேர்த்த வெவ்வேறு இசையோடும், இசையே இல்லாமலும் போட்டுப் பார்க்கப் போகிறேன்.