இரண்டு டனல், ஒரே காஸ்ட்: சோழவந்தான் பாதை ஏன் 4ஜி பக்கம் திரும்பியது

திருநகரில் என் வீடு, சோழவந்தானில் அப்பா வீடு. இரண்டையும் வயர்கார்டு டனல்களால் (இணையத்துக்குள் ஓடும் பூட்டிய தனிப் பாதைகள்) இணைத்து, எந்தப் பாதையில் போவது என்று முடிவு செய்கிற வேலையை எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளின் ஓஎஸ்பிஎஃப்-இடம் (ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறை) விட்டிருக்கிறேன். இரண்டு வீட்டிலும் டெபியன் ஓடும் பழைய மினி கம்ப்யூட்டர்தான் ரவுட்டர். எங்கள் வீட்டு போட்டோ, வீடியோ எல்லாம் இரவில் அங்கே இருக்கும் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்) பேக்கப் ஆகும். வெற்றிலைக் கொடிக்காலில் மோட்டார் செட்டைப் பார்த்தபடி ஒரு கேமராவும் இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் இந்த நெட்வொர்க்கின் வேலை.

என் வீட்டில் ஃபைபர், கூடுதல் பணம் கட்டி வாங்கிய பொது ஐபி முகவரியோடு. அப்பா வீட்டில் ஃபைபரும் உண்டு, அது அறுந்தால் கைகொடுக்க ஒரு 4ஜி டாங்கிளும் உண்டு. அந்த இரண்டுக்கும் தனி முகவரி கிடையாது, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு. அதனால் டனலை அங்கிருந்துதான் தொடங்க முடியும். ஃபைபர் வழியாக ஒன்று, 4ஜி வழியாக ஒன்று என இரண்டு டனல்கள் என் வீட்டுக்கு வருகின்றன. இரண்டும் அததன் இணைப்பில்தான் வெளியேற வேண்டும் என்பதற்காக, வயர்கார்டின் வெளிப் பாக்கெட்டுகளுக்கு ஆளுக்கொரு அடையாள எண் போட்டு, லினக்ஸின் ஐபி ரூல் மூலம் பிரித்துவிட்டிருக்கிறேன்.

சிக்கலை முதலில் சொன்னது அப்பாவின் போன். "ஏப்பா, டேட்டா தீந்துபோச்சுன்னு விடியுறதுக்குள்ள மெசேஜ் வந்துருது. யாரு இதைப் பூராம் தின்கிறது?" என்றார். டாங்கிள் சிம்மின் மாற்று எண்ணாக அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக். ஃபைபர் நன்றாக வேலை செய்யும்போது 4ஜி சும்மா இருக்க வேண்டும்.

ரவுட்டரில் உட்கார்ந்து நாஸுக்கு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்த வழியே போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டால் ஃபைபர் டனல் வழியாக 14 மில்லி செகண்டில் போய்ச் சேர்கிறது. எல்லாம் சரி. அதையே என் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து போட்டால் 4ஜி டனல், 60க்கு மேல். கேமராவுக்குப் போட்டால் மறுபடியும் ஃபைபர். நாஸும் கேமராவும் ஒரே வீட்டில், ஒரே 10.40.8.0/24 நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இரண்டு பாதை.

இந்த இடத்தில் ட்ரேஸ்ரூட்டை ஓரம் வைத்துவிட்டு லினக்ஸின் மையமான கெர்னலிடமே கேட்பதுதான் நல்லது. 'ஐபி ரூட் கெட்' என்ற கட்டளை, இந்த முகவரிக்கு ஒரு பாக்கெட் வந்தால் இப்போது எந்த வழியில் அனுப்புவாய் என்று நேராகக் கேட்கிறது. சேரும் முகவரியை மட்டும் கொடுத்தால், ரவுட்டரே அனுப்பும் பாக்கெட்டுக்கான பதில்தான் வரும். மேஜைக் கம்ப்யூட்டருக்கான பதில் வேண்டுமென்றால், 'ஃப்ரம்' போட்டு அதன் முகவரியையும், 'ஐஐஎஃப்' போட்டு எந்த லேன் கார்டு வழியாக உள்ளே வருகிறது என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்ததும் நாஸுக்கு 4ஜி, கேமராவுக்கு ஃபைபர் என்று கெர்னலே சொல்லிவிட்டது.

அப்புறம் முழு ரூட் பட்டியலைப் பார்த்தேன். 10.40.8.0/24 என்ற வரிக்குக் கீழே இரண்டு நெக்ஸ்ட்ஹாப்கள் (பாக்கெட்டை அடுத்து ஒப்படைக்கும் இடங்கள்), இரண்டுக்கும் வெயிட் 1. இரண்டு டனலையும் சமம் என்று எடுத்துக்கொண்டு கெர்னல் போக்குவரத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறது. பங்கு பிரிக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. லினக்ஸில் இயல்பாக 0 என்று இருக்கும் ஹாஷ் முறை (ஒரு எண்ணைக் கணக்கிட்டு அதை வைத்துப் பாதையைத் தேர்வது), அனுப்பும் முகவரியையும் சேரும் முகவரியையும் மட்டுமே பார்க்கிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட ஜோடிக்கு எப்போதும் ஒரே பாதைதான் விழும். என் கம்ப்யூட்டரும் நாஸும் சேர்ந்த ஜோடிக்கு விழுந்தது 4ஜி. ரவுட்டரிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுக்கு அனுப்பும் முகவரி வேறு, ஆகவே ஹாஷும் வேறு, பாதையும் வேறு. ரவுட்டரில் உட்கார்ந்து சோதித்தால் பழுதே தெரியாமல் போவது இதனால்தான். அந்த மதிப்பை 1 என்று மாற்றினால் போர்ட் எண்களையும் சேர்த்துப் பார்க்கும். அப்போது ஒரே நாஸுக்கான இணைப்புகள்கூட இரண்டு டனலிலும் சிதறும்.

சரி, ஏன் சமம்? ஓஎஸ்பிஎஃப் ஒரு இணைப்புக்குக் காஸ்ட் (இந்த எண் குறைந்த பாதைக்கே முன்னுரிமை) போடுவது, ஓர் அடிப்படை வேகத்தை இணைப்பின் வேகத்தால் வகுத்து. அந்த அடிப்படை வேகம் எஃப்ஆர்ஆரில் இயல்பாக 100 எம்பிபிஎஸ். அதற்கு மேல் எவ்வளவு வேகமான இணைப்பானாலும் காஸ்ட் 1தான். ஜிகாபிட் லேனும் பழைய 100 எம்பிபிஎஸ் லேனும் அதன் கண்ணுக்கு ஒன்று. அடிப்படை வேகத்தைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்யலாம் என்று எங்கும் எழுதியிருப்பார்கள், நிஜமான கேபிளுக்கு அது சரி. டனல் என்பது மென்பொருளில் உருவான கார்டு, அதற்கென்று வேகம் கிடையாது. கீழே ஓடுவது ஃபைபரா 4ஜியா என்று ஓஎஸ்பிஎஃப் அறிய வழியே இல்லை. என் இரண்டு டனலுக்கும் காஸ்ட் 10 என்று நின்றது. மேலூரிலிருந்து திருமங்கலம் போகிறவருக்கு ரிங் ரோடும் மாசி வீதியும் ஒரே தூரம் என்று பலகை வைத்தது போல. பலகையை நம்பிப் போகிறவர் பாதிப் பேர் ஊருக்குள் போய் மாட்டத்தான் செய்வார்கள்.

டனலுக்குக் காஸ்ட்டைக் கையால் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஃபைபருக்கு 10, 4ஜிக்கு 100. போட்டதும் என் ரவுட்டரில் இரண்டு நெக்ஸ்ட்ஹாப் ஒன்றாகிவிட்டது. ட்ரேஸ்ரூட்டும் ஃபைபர் என்றே சொன்னது.

ஆனால் ட்ரேஸ்ரூட் வலப்பக்கம் காட்டிய நேரம் குறையவில்லை, 40க்கு மேலேயே நின்றது. பாதை ஃபைபர் என்கிறது, நேரம் 4ஜியும் கலந்திருக்கிறது என்கிறது. ட்ரேஸ்ரூட் காட்டுவது போகும் வழியை மட்டும், வரும் வழி அதில் தெரியாது. ஆனால் நேரம் போகவர இரண்டும் சேர்ந்தது. இந்த முரண்பாடு கண்ணில் பட்டால் அடுத்து பார்க்க வேண்டியது எதிர்முனையைத்தான்.

என் ரவுட்டரில் இரண்டு ஜன்னல் திறந்து, இடதில் ஃபைபர் டனலிலும் வலதில் 4ஜி டனலிலும் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து நாஸுக்குப் பிங் போட்டேன். இடது ஜன்னலில் எக்கோ ரிக்வெஸ்ட் மட்டும் வரிவரியாக ஓடுகிறது, ஒரு ரிப்ளைகூட இல்லை. வலது ஜன்னலில் எக்கோ ரிப்ளை மட்டும், ரிக்வெஸ்ட் இல்லை. வரிசை எண்கள் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகப் பொருந்துகின்றன. கேள்வி ஃபைபரில் போய் பதில் 4ஜியில் வருகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஓஎஸ்பிஎஃப்-இல் காஸ்ட் என்பது அந்தந்த ரவுட்டரின் வெளியேறும் பக்கத்துக்குரியது. ஓஎஸ்பிஎஃப்-இன் விதிகளைச் சொல்லும் ஆவணமான, 1998ல் வந்த ஆர்எஃப்சி 2328 இதைத் தெளிவாகவே சொல்கிறது. திருநகரில் நான் போட்ட 100, திருநகரிலிருந்து கிளம்புவதற்கு மட்டுமே. சோழவந்தான் ரவுட்டர் தன் கணக்கில் இரண்டையும் 10 என்றே வைத்திருந்தது. அதைப் பார்க்க அந்தப் பெட்டிக்குள் போக வேண்டியதுகூட இல்லை. ஒரே ஏரியாவில் எல்லா ரவுட்டரிடமும் ஒரே தகவல் தொகுப்புதான் இருக்கும், அதில் ரவுட்டர் எல்எஸ்ஏ (ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளைப் பற்றிச் செய்யும் அறிவிப்பு) பகுதியைத் திறந்தால் எதிர்முனை தன் இணைப்புகளுக்கு என்ன மெட்ரிக், அதாவது காஸ்ட், அறிவித்திருக்கிறது என்று இங்கிருந்தே படிக்கலாம். எனக்கு ஓஎஸ்பிஎஃப் பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வந்த பாக்கெட் சரியான வழியில்தான் வந்ததா என்று பார்க்க லினக்ஸில் ஆர்பி ஃபில்டர் என்று ஒரு சோதனை உண்டு. என் பெட்டியில் அது 2, அதாவது தளர்ந்த நிலை. அதுவே 1 என்றிருந்தால், ஃபைபர் பக்கமிருந்து வரவேண்டிய பாக்கெட் 4ஜி பக்கமிருந்து வருகிறதே என்று பதில்களை எல்லாம் கெர்னல் தூக்கி எறிந்துவிடும். மெதுவாக வருவதற்குப் பதில் பிங் அடியோடு செத்திருக்கும். காஸ்ட் மாற்றியதும் இணைப்பே போய்விட்டது என்று சொல்பவர்கள் இதை முதலில் பார்க்கலாம். பொது மதிப்பு, கார்டுக்கான மதிப்பு என இரண்டு இடத்தில் இருக்கும், இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லுபடியாகும்.

சோழவந்தான் பக்கமும் 10, 100 என்று போட்டதும் வலது ஜன்னல் அமைதியானது. சில விநாடிக்கு ஒருமுறை ஓஎஸ்பிஎஃப் ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்று ரவுட்டர் சொல்லும் செய்தி) மட்டும் தட்டிப் போகிறது. அப்பாவுக்கு மெசேஜ் வருவதும் நின்றது.

அடுத்த கட்டமாக மூன்றாவது பாதை. இரண்டு டனலும் என் வீட்டின் ஒரே பொது ஐபி முகவரியை நம்பியிருக்கின்றன, அதில் கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதற்காக கே.கே. நகர் நண்பர் ஒருவர் வாடகைக்கு வைத்திருக்கும் கிளவுட் சர்வரையும் நடுவில் சேர்த்தோம், அதிலும் எஃப்ஆர்ஆர். இரு வீட்டிலிருந்தும் அங்கே ஒவ்வொரு டனல், ஒவ்வொன்றுக்கும் காஸ்ட் 100, ஆக மொத்தம் 200. நேரடி 4ஜியைவிட இது கூடுதலாக இருப்பது முக்கியம். சோழவந்தானில் ஃபைபர் போனால் அங்கிருந்து கிளவுடுக்குப் போவதும் அதே 4ஜியில்தான். அப்போது கிளவுடைச் சுற்றுவதால் தூரம்தான் கூடும்.

நண்பர் அனுப்பிய கான்ஃபிக் கோப்பைப் போட்டு டனலை ஏற்றியதும், சோழவந்தானுக்குப் போகும் எல்லாமே கிளவுடுக்குத் திரும்பிவிட்டது. காஸ்ட் 200 உள்ள பாதை 10 உள்ளதைத் தோற்கடிக்கிறது. ஓஎஸ்பிஎஃப்-இன் சொந்த ரூட் பட்டியலைக் கேட்டால் ஃபைபர், காஸ்ட் 11 என்கிறது, டனலுக்கு 10, அங்குள்ள லேனுக்கு 1. கணக்கு சரி. ஆனால் பாக்கெட் போவது வேறு வழி.

இப்படி ஓஎஸ்பிஎஃப் ஒன்று சொல்லி கெர்னல் ஒன்று செய்தால், நடுவில் இருக்கும் ஜீப்ராவைப் பார்க்க வேண்டும். எஃப்ஆர்ஆரில் எல்லா வழியிலும் வரும் ரூட்களைச் சேகரித்து ஒன்றைத் தேர்ந்து கெர்னலில் எழுதுவது அதுதான். 'ஷோ ஐபி ரூட்' போட்டதும் வெளிச்சமாகிவிட்டது. 10.40.8.0/24க்கு இரண்டு வரிகள். 'ஓ' என்று தொடங்கும் ஓஎஸ்பிஎஃப் வரி தேர்வுக் குறி இல்லாமல் நிற்கிறது. 'கே' என்று தொடங்கும் கெர்னல் வரிக்குத்தான் குறி. வயர்கார்டின் க்விக் ஸ்கிரிப்ட், அலவ்ட் ஐபி (டனலில் அனுமதிக்கும் முகவரிகள்) பட்டியலில் எந்த நெட்வொர்க் இருக்கிறதோ அதற்கெல்லாம் தானாகவே கெர்னலில் ரூட் எழுதிவிடும். நண்பரின் கோப்பில் 10.40.8.0/24 அந்தப் பட்டியலில் இருந்தது. பாக்கெட் உள்ளே போக அனுமதி வேண்டுமே, அதற்காக. ஜீப்ரா கணக்கில் கெர்னல் ரூட்டின் டிஸ்டன்ஸ் (ரூட் எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத் தரும் எண், குறைந்ததே வெல்லும்) 0, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. காஸ்ட்டை ஒப்பிடும் கட்டமே வரவில்லை, அதற்கு முந்தைய கட்டத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது.

ரவுட்டர் முதலில் பார்ப்பது மிக நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது முகவரியை மிக நுணுக்கமாகக் குறிக்கும் ரூட். அது சமமாக இருந்தால்தான் டிஸ்டன்ஸ், அதுவும் ஒரே ரூட்டிங் முறையிலிருந்து வந்ததாக இருந்தால்தான் காஸ்ட். காஸ்ட்டும் சமம் என்றால்தான் ஹாஷ். யாராவது ஒரு /32 ரூட்டை, அதாவது ஒரே ஒரு முகவரிக்கான ரூட்டை, போட்டு வைத்திருந்தால் டிஸ்டன்ஸும் காஸ்ட்டும் என்ன எண்ணாக இருந்தாலும் பயனில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் கைவைப்பது மூன்றாவதான காஸ்ட்டில்தான், அதுதான் நேரத்தைத் தின்கிறது.

கோப்பில் டேபிள் என்ற வரியில் ஆஃப் என்று எழுதி டனலை இறக்கி ஏற்றியதும் 'கே' வரி மறைந்து 'ஓ' வரிக்குக் குறி வந்துவிட்டது. எல்லா டனலிலும் இப்போது இதே அமைப்பு. அலவ்ட் ஐபியில் எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு, பாதை எது என்பதை ஓஎஸ்பிஎஃப்-இடம் மட்டும் விட்டாயிற்று. அதன் ஹலோ போகும் 224.0.0.5 முகவரிக்கும் இதிலேயே வழி கிடைத்துவிடுகிறது.

பாக்கி இருப்பது மாறும் நேரம். போனில் அப்பாவை வைத்துக்கொண்டு அங்கே ஃபைபர் பெட்டியை அணைக்கச் சொன்னேன். கேமரா படம் உறைந்து, முக்கால் நிமிடம் போல நின்று, 4ஜியில் தொடர்ந்தது. எதிர்முனை செத்தாலும் வயர்கார்டு கார்டு உயிரோடு இருப்பது போலவே காட்டும், ஆகவே 40 விநாடி டெட் இன்டர்வல் (ஹலோ வராவிட்டால் காத்திருக்கும் நேரம்) முடிகிறவரை ஓஎஸ்பிஎஃப்-க்கு விஷயம் தெரியாது. அதைக் குறைக்க பிஎஃப்டி (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிக்கும் முறை) போட்டுப் பார்க்கப் போகிறேன். எஃப்ஆர்ஆரில் அதன் இயல்பு மதிப்பு 300 மில்லி செகண்ட், மூன்று முறை தவறினால் இணைப்பு போனதாகக் கணக்கு. 4ஜி இருக்கும் இருப்புக்கு அது தாங்காது, சும்மா சும்மா விழுந்து எழும். முதலில் ஃபைபர் டனலில் மட்டும் போட்டுவிட்டு, 4ஜியையும் கிளவுடையும் பழைய 40 விநாடியிலேயே விட்டுவைக்கலாம் என்று இருக்கிறேன்.