கிலோவுக்கு எவ்வளவுங் தம்பி?

ஜிம்மில் ஆறு வருஷம் அடுத்தவருக்கு உழைத்தது போதும் என்று போன தை மாதம் வேலையை விட்டேன். இனி வீட்டுக்கே போய் உடற்பயிற்சி சொல்லித் தரும் பர்சனல் டிரெயினர். ரெண்டு ஜோடி டம்பெல்ஸ், நாலு ரப்பர் பேண்ட், ஒரு பாய், ஒரு எடை மெஷின். இதுதான் கம்பெனி. ஊர் திருப்பூர்.

முதல் விளம்பரம் நோட்டீஸ். பேப்பர் போடும் பையனிடம் ஆயிரம் நோட்டீஸ் கொடுத்து நாளிதழுக்குள் செருகச் சொன்னேன். "பர்சனல் டிரெயினிங் அளிக்கப்படும். ஆண், பெண் இருபாலரும் அணுகலாம்." காலை ஏழு மணிக்கே போன்.

"ஏனுங், டிரெயினிங் பவர் டேபிளுங்களா, ஓவர்லாக்குங்களா?"

வைத்ததும் அடுத்தது. "டிரெயினிங்ல வாரச் சம்பளம் உண்டுங்களா? ரூம் நீங்களே குடுப்பீங்களா?"

அவர் கேட்ட ரெண்டும் தையல் மெஷின். கம்பத்துக்குக் கம்பம் "டெய்லர் தேவை, பயிற்சி அளிக்கப்படும்" என்று ஒட்டியிருக்கும் ஊர் இது. பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? நோட்டீஸ் எழுதும்போது மட்டும் மறந்துபோனது. மொத்தம் 23 போன். ஒன்றுகூட உடம்பைப் பற்றியது இல்லை. ஒரு பையன் பேசியது பாவமாக இருந்ததால், தெரிந்த கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டேன். அந்த வாரம் என்னால் வேலை கிடைத்தது அவனுக்குத்தான்.

அடுத்த யோசனை அதைவிட அற்புதம். காதர்பேட்டையில் 50 டீ-சர்ட் மொத்தமாக எடுத்து, முதுகில் என் பேரையும் நம்பரையும் கொட்டை எழுத்தில் அடித்து, காலையில் நடக்க வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. திருப்பூரில் பனியனைக் கொடுத்து ஆள் பிடிக்கப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

முதலில் வாங்கியவர் அதை உள்பக்கமாகத் திருப்பினார். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துக் கனம் பார்த்தார். "160 ஜிஎஸ்எம்னு சொல்லிக் குடுத்தானுங்களா? 140 தாண்டாதுங்." பக்கத்தில் இருந்தவர் கழுத்து ரிப்பை இழுத்து விட்டார். "ரெண்டு தண்ணிக்குத் தாங்காது." மூன்றாமவர், "பிரிண்ட் எங்க போட்டீங்? என்ற மச்சாங்கிட்டக் குடுத்திருந்தா பீஸுக்கு நாலு ரூவா கொறைச்சிருப்பான்."

முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படிக்கவில்லை. நான்கு பேர் எனக்கு விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள்.

வீட்டில் அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வேறு. "கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு அப்பவே சொல்லி வெச்சுட்டாங்க. கொள்ளு இருக்கறப்ப உனக்கு எவன் சாமி அஞ்சாயிரம் குடுப்பான்?"

கொடுக்க ஒருவர் வந்தார். கழுத்து ரிப்பை இழுத்துப் பார்த்தாரே, அதே அண்ணன். இருபது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவர். மாதம் 5,000 என்றேன்.

"மாசச் சம்பளமெல்லாம் ஆகாதுங் தம்பி. நம்ம கம்பெனியே பீஸ் ரேட்டு. கிலோவுக்கு எவ்வளவு?"

மனக்கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. தினம் 500 குறைத்தால் மாதம் ரெண்டு கிலோ இறங்கும். கிலோ 2,500. அவர் 2,200-இல் நிறுத்தினார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரிப் பயிற்சி வேண்டும், ரெண்டு நாளாவது தசைக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, தசை கூடினால் எடை உடனே இறங்காது என்றெல்லாம் விளக்கினேன். "சரிங், ஆனா எறங்குனது திரும்ப ஏறுனா ரிஜெக்‌ஷன். பில்லுல கழிச்சுருவேன்" என்றார்.

முதல் நாள் எடை பார்த்தபோது வெறும் வயிறு. வாட்சைக்கூடக் கழற்றி வைத்தார். 92.4. என்ன ஈடுபாடு என்று எனக்குப் புல்லரித்தது.

மாதக் கடைசியில், காலையில் வேலை இருக்கிறது என்று மதியம் வரச் சொன்னார். அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டு, தயிரும் ஊற்றிக் குடித்துவிட்டு வந்து நின்றார். ஜீன்ஸ் பேண்ட், ரெண்டு போன், குடோன் சாவிக்கொத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணா, சாவியாவது..."

"லாட்டு வந்த மாதிரியேதாங் எடை போடோணும். பேக்கிங்கோட."

91.1. பெல்ட்டில் புதிதாக ரெண்டு ஓட்டை குத்தியிருந்தார். இடுப்பு மூணு இஞ்ச் குறைந்திருந்தது. என்ன செய்ய, அதற்கு ரேட் பேசவில்லையே.

சனிக்கிழமை டெய்லர்களோடு வரிசையில் நின்று, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு 2,860 ரூபாய் வாங்கினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டு அக்கா வந்தார். "தம்பி, நானும் சேர்றனுங். ரெண்டு பேருன்னா மொத்த ஆர்டரு, எவ்வளவு கொறைப்பீங்?"

நானும் இந்த ஊர்க்காரன்தானே. "இனி கிலோக் கணக்கு இல்லீங்க்கா. இடுப்புல இஞ்சுக்கு இவ்வளவுன்னு ரேட்" என்றேன்.

அண்ணன் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சரிங். அளவு எங்க கட்டிங் மாஸ்டர்தான் எடுப்பாரு."