முதலில் எழுதப்பட்ட பெயர்

செப்டம்பர் 9

வெள்ளிக்கிழமை அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்ற மருத்துவமனைக்காரர்கள் இப்போது கிழமையே சொல்வதில்லை. அண்ணனும் அதைக் கேட்பதை விட்டுவிட்டார். நேற்று கதையை எங்கே நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டார்.

செஸ்டர் கோட்டையில் நிறுத்தியிருந்தேன். 1296 ஏப்ரல் 27 அன்று டன்பாரில் ஸ்காட்லாந்துப் படை ஒரே நாளில் சிதறியபோது பிடிபட்ட பிரபுக்களில் ஒரு தந்தையும் மகனும் இருந்தனர். இருவருக்கும் ஆண்ட்ரூ மோரே என்பதே பெயர். நாட்டின் பெரிய நீதிப் பதவி ஒன்றை வகித்த தந்தையை லண்டன் கோபுரத்துக்குக் கொண்டுசென்றார்கள். மகனை வேல்ஸ் எல்லையோரமாக உள்ள செஸ்டரில் அடைத்தார்கள். ஸ்காட்லாந்து அரசர் ஜான் பேலியல் முடியிழந்து இங்கிலாந்துக்குக் கைதியாகப் போனார். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு தன் அலுவலர்களை ஸ்காட்லாந்தில் அமர்த்திவிட்டு, வேலை முடிந்தது என்று தெற்கே திரும்பினார். அந்தக் குளிர்காலத்தில் மகன் மோரே சிறையிலிருந்து தப்பினார்.

செப்டம்பர் 10

தப்பியவர் எங்கே போவார் என்பது அண்ணனின் கேள்வி. தன் ஊருக்குத்தான் போனார். இன்வர்னஸுக்கு வடக்கே, மோரே விரிகுடாவின் கரையில் ஓக் என்றொரு சிற்றூர் இருக்கிறது; அங்கே குன்றின் மேல் தந்தையின் கோட்டை இருந்தது. 1297 மே மாதத்தில் அங்குதான் அவர் கொடியேற்றினார். தெற்கே வில்லியம் வாலஸ் லானர்க்கில் ஆங்கிலேய ஆட்சியின் வட்டார அதிகாரியான ஷெரிப்பைக் கொன்றதும் அதே மாதம்தான். ஒருவரையொருவர் பார்த்திராத இருவர், நாட்டின் இரு முனைகளில், ஒரே வசந்த காலத்தில் எழுந்தார்கள். இதில் வாலஸின் முனையை மட்டும் உலகம் நினைவில் வைத்திருப்பது எனக்கு ஆறவே இல்லை.

மோரேயுடன் சேர்ந்தவர்களில் அலெக்சாண்டர் பில்ச் என்ற இன்வர்னஸ் நகரத்தாரும் இருந்தார். பிரபுவின் பின்னால் குடியானவர்கள் போவது வழக்கம். நகரத்து மனிதர் ஒருவர் தலைமைக்கு நெருக்கமாக நின்றதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாத இறுதியில் நெஸ் ஏரிக்கரையின் அர்க்கட் கோட்டைத் தளபதி வில்லியம் ஃபிட்ஸ்வாரின் இன்வர்னஸிலிருந்து திரும்பும் வழியில் இவர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் உயிர்தப்பிக் கோட்டைக்குள் புகுந்தார். இவர்கள் கோட்டையை வளைத்தார்கள். ரோஸ் சீமாட்டி தன் ஆட்களுடன் வந்து ஆங்கிலேயருக்கு உதவினார். அண்ணன் அவரைத் துரோகி என்றார். சீமாட்டியின் கணவர் அப்போது லண்டன் கோபுரத்தில் இருந்தார் என்றேன். அண்ணன் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மோரேயை அடக்க எட்வர்டு அனுப்பியதும் ஸ்காட்லாந்துக்காரர்களைத்தான்: அபர்டீன் ஆயர், பக்கன் பிரபுவான காமின், மார் பிரபுவின் மகன். ஜூலையில் ஸ்பே ஆற்றங்கரையில் இரு தரப்பும் எதிரெதிரே வந்தன. சண்டை நடக்கவில்லை. மோரே தன் ஆட்களுடன் குதிரைகள் நுழைய முடியாத பெரும் சதுப்புக்காட்டுக்குள் போய்விட்டார் என்று அவர்கள் எட்வர்டுக்கு எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் எட்வர்டின் கருவூல அதிகாரியான ஹியூ கிரெசிங்கம் அந்தக் கடிதத்தை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. தங்கள் அண்டைவீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன். கோடை முடிவதற்குள் இன்வர்னஸ், எல்கின், பான்ஃப் என்று வடக்கின் கோட்டைகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கையைவிட்டுப் போயின.

செப்டம்பர் 11

ஸ்டர்லிங் பாலத்துப் போர் நடந்த நாள் இதுதான். மருத்துவமனைக்குப் போகும் வழியில் பழைய கல்பாலத்தருகே பேருந்திலிருந்து இறங்கிவிட்டேன். 1297-இல் இருந்தது மரப்பாலம்; இதற்குச் சற்று மேலே ஆற்றின் எதிரோட்டத் திசையில் இருந்தது. இரண்டு குதிரை வீரர்கள் மட்டுமே பக்கம் பக்கமாகப் போகக்கூடிய அகலம். அதைத் தாண்டினால் ஃபோர்த் ஆறு வளைத்துப்போட்ட சதுப்பு நிலம், அதன் நடுவே ஒரு மேட்டுப்பாதை, அதன் கோடியில் ஆபி கிரெய்க் குன்று. மோரேயும் வாலஸும் அந்தக் குன்றருகே நின்றார்கள்.

ஆங்கிலேயப் படையின் தலைவர் சர்ரே பிரபு ஜான் டி வாரன் வயதானவர். ஸ்காட்லாந்தின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரும்பாலும் எல்லைக்குத் தெற்கேயே இருந்தவர். அன்று காலை அவருடைய காலாட்களில் ஒரு பகுதியினர் பாலத்தைக் கடந்துவிட்டார்கள். பிரபு இன்னும் எழவில்லை என்பதால் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு டொமினிக்கன் துறவிகளைச் சமாதானம் பேச அனுப்பினார்கள். சமாதானத்துக்கு வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று பதில் வந்தது. ஆங்கிலேயர் தரப்பில் இருந்த சர் ரிச்சர்டு லண்டி, ஒரே நேரத்தில் அறுபது பேர் கடக்கக்கூடிய ஆழமற்ற துறை ஒன்று தெரியும், என்னிடம் ஆள் தாருங்கள், பின்பக்கமாகப் போகிறேன் என்று கேட்டார். கிரெசிங்கம் குறுக்கே விழுந்தார். அரசரின் பணம் வீணாகிறது, உடனே கடந்து முடித்துவிடலாம் என்றார். உதவிக்கு வந்திருந்த படையைச் செலவை மிச்சப்படுத்துவதற்காக முன்பே திருப்பி அனுப்பியவரும் அவர்தான். கணக்குப் புத்தகம் நடத்திய போர் அது.

மேலே நின்றவர்கள் அவசரப்படவில்லை என்பதைத்தான் நான் பாலத்தருகே நின்றபடி நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசை கடந்தவுடன் பாய்ந்திருந்தால் மற்றவர்கள் அக்கரையிலேயே நின்றிருப்பார்கள். எல்லோரும் கடக்கட்டும் என்று விட்டிருந்தால் குதிரைப்படை அணிவகுத்திருக்கும். தங்களால் கொல்ல முடிந்த அளவுக்கு மட்டும் ஆட்களைக் கடக்கவிட்டு, பிறகு பாலத்தின் முனையை மறித்தார்கள். உள்ளே சிக்கியவர்களுக்கு முன்னால் ஈட்டி, பின்னால் ஆறு. கிரெசிங்கம் அங்கேயே இறந்தார். அவருடைய தோலை உரித்துத் துண்டுகளாக்கினார்கள். மார்மடியூக் ட்வெங் என்ற வீரர் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாலத்தின் வழியே திரும்பினார். ஆற்றைக் கடக்காமலே பார்த்துக்கொண்டிருந்த வாரன், பாலத்தை அழிக்கச் சொல்லிவிட்டு எல்லையோர நகரமான பெரிக்கை நோக்கிக் குதிரையை விட்டார்.

அந்தக் கணிப்பு யாருடையது? வாலஸ் அதுவரை நடத்தியது திடீர்த் தாக்குதல்களை. மோரே பிரபு குடும்பத்துப் பிள்ளை, குதிரைப்படையோடு வளர்ந்தவர், டன்பாரில் அதே எதிரியிடம் தோற்றவர். குதிரைப்படைக்கு என்ன நிலம் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இதற்கு மேல் நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தக் காத்திருப்பில் மோரேயின் கை இருந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் அன்று காயப்பட்டு விழுந்தவர் அவர் ஒருவர்தான் என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் ஜான் ஃபோர்டன் எழுதினார்.

செப்டம்பர் 12

காய்ச்சல் மறுபடியும் வந்திருக்கிறது. ஒன்றும் படிக்கவில்லை.

செப்டம்பர் 17

வடிகுழாயை எடுப்பார்கள் என்றார்கள்; எடுக்கவில்லை. பையில் அளவுக்கோடுகள் இருக்கின்றன. செவிலியர் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிறார், எழுதியது என்ன என்று நான் கேட்பதில்லை.

இன்று முழுவதும் தந்தை மோரேயைப் பற்றியே நினைப்பு. 1297 ஆகஸ்ட் இறுதியில், எட்வர்டு ஃபிளாண்டர்ஸில் போரிடப் போயிருந்த நேரத்தில், ஒரு பாதுகாப்புக் கடிதம் எழுதப்பட்டது. மகன் லண்டன் கோபுரத்துக்கு வந்து தந்தையைப் பார்க்கலாம். மகன் பணயமாக அங்கே தங்கினால் தந்தை விடுதலையாகி அரசருக்காக ஃபிளாண்டர்ஸில் பணிபுரியலாம். ஸ்டர்லிங் போருக்கு இரண்டு வாரம் முன்பு எழுதப்பட்ட கடிதம் இது. அது அவர் கையை எட்டியிருந்தாலும் எட்டாவிட்டாலும் பேரம் என்ன என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் போகவில்லை. தந்தை 1298-இல் அந்தச் சிறையிலேயே இறந்தார்.

வடக்கே எல்லாம் ஏறக்குறைய கையில் வந்துவிட்ட நேரத்தில், வயதான தந்தைக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்க மறுத்ததை யாரும் வீரம் என்று பாடுவதில்லை. பாட முடியாத ஒன்றுதான் அது. எனக்கு அவர் மேல் முதன்முறையாகக் கோபம் வந்தது, சாயங்காலத்துக்குள் தணிந்தது.

செப்டம்பர் 24

வாலஸுக்கு ஆபி கிரெய்க்கில் 67 மீட்டர் உயரக் கோபுரம். 1869-இல் கட்டி முடித்தது. இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் கண்ணில் படுகிறது. மோரேக்கு ஓக்கின் குன்றில் ஒரு கற்குவியல். வாலஸைப் பற்றி எல்லோரும் பார்த்த ‘பிரேவ்ஹார்ட்’ என்ற ஹாலிவுட் படத்தில் ஸ்டர்லிங் போர் இருக்கிறது, பாலமே இல்லை. பாலத்தையே விட்டவர்கள் மோரேயை எங்கே வைக்கப்போகிறார்கள்? அண்ணன் சிரித்தார், சிரித்தால் வலிக்கிறது என்று கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 3

காயம்பட்டவரை எங்கே கிடத்தியிருப்பார்கள், யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அக்டோபர் 11

இந்தத் தேதிக்காகத்தான் காத்திருந்தேன். 1297 அக்டோபர் 11, ஹாடிங்டன். லூபெக், ஹாம்பர்க் என்ற ஜெர்மானிய வணிக நகரங்களுக்கு ஒரு கடிதம். அனுப்பியவர்கள்: ஆண்ட்ரூ மோரேயும் வில்லியம் வாலஸும், ஸ்காட்லாந்து அரசின் படைத்தலைவர்கள், கூடவே அந்நாட்டின் சமூகம். மோரேயின் பெயர் முதலில் இருக்கிறது. கடவுளருளால் ஸ்காட்லாந்து ஆங்கிலேயரின் பிடியிலிருந்து போரால் மீட்கப்பட்டுவிட்டது, ஆகையால் உங்கள் வணிகர்கள் எங்கள் துறைமுகங்களுக்கு அச்சமின்றி வரலாம் என்பது சாரம். போர் முடிந்து சரியாக ஒரு மாதத்தில், வெற்றியைப் பாடாமல், கம்பளியும் இரும்பும் போய்வர வழி திறந்தவர்கள் இவர்கள். முடிவில் ஜான் பர்னெட், ஜான் ஃபிரியர் என்ற இரு வணிகர்களின் காரியத்துக்கு உதவும்படி ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. அந்தப் பின்குறிப்பால்தான் இந்தக் கடிதம் எனக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது.

அதில் தொங்கும் முத்திரை வாலஸுடையது. ஒரு பக்கம் ஸ்காட்லாந்தின் சிங்கம், மறுபக்கம் நாணேற்றிய வில். இரண்டு பெயர்களுக்கு ஒரு முத்திரை. அண்ணன் உடனே வழக்கறிஞரைப் போலக் கேட்டார்: "அப்போ மோரே அங்க இல்ல, அப்படித்தானே?" இருந்திருக்க மாட்டார் என்றுதான் நானும் சொன்னேன். எழுந்து நடக்க முடியாதவரை அக்டோபர் மழையில் ஹாடிங்டன் வரை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? "பின்ன எதுக்கு அவர் பேரு முதல்ல?" என்றார். வடக்கே நிற்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெயருக்காகத்தான் வந்தார்கள். வாலஸ் ஒரு சாதாரண வீரர் குடும்பத்தின் இளைய மகன், மோரே பெரும் நிலங்களின் வாரிசு. அந்தப் பெயர் இல்லாமல் பிரபுக்கள் எவரும் வாலஸின் கட்டளையைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். இது என் பதில். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை; வாலஸ் நன்றி மறக்காதவர் என்பதுதான் காரணம் என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அக்டோபர் 19

மருத்துவர் இரண்டாவது முறை திறக்க வேண்டியிருக்கும் என்றார். அண்ணி கேட்டுக்கொண்டார். நான் வெளியே வந்து நின்றேன்.

இரவு தூக்கம் வராமல் 1300-ஆம் ஆண்டு பெரிக்கில் நடந்த விசாரணையை மறுபடி படித்தேன். மோரேயின் பெரியப்பாவோ சித்தப்பாவோ, பாத்வெல் கோட்டைக்குரிய வில்லியம் மோரே இறந்தபின் வாரிசு யார் என்று நடந்த விசாரணை அது. வில்லியமின் சகோதரர் மகன் ஆண்ட்ரூ ஸ்டர்லிங்கில் அரசருக்கு எதிராகப் போரிட்டுக் கொல்லப்பட்டார் என்றும், அவருடைய குழந்தை மோரே நாட்டில் அரசரின் எதிரிகள் நடுவே இருக்கிறது என்றும் சாட்சிகள் உறுதி கூறினார்கள். ஸ்டர்லிங்கில் கொல்லப்பட்டவர் அதற்கு ஒரு மாதம் கழித்து எப்படிக் கடிதம் அனுப்புவார்? ஆனால் அந்த விசாரணைக்குத் தேவைப்பட்டவை இரண்டே: இறந்தாரா, வாரிசு உண்டா. ஸ்டர்லிங்கில் பட்ட காயத்தால் எந்த மாதத்தில் இறந்தார் என்பது நிலக்கணக்குக்கு வேண்டாத விவரம். அதனால் ஃபோர்டனின் ‘காயப்பட்டு விழுந்தார்’ என்பதையே நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றே இறக்கவில்லை. கிடந்தார்.

அக்டோபர் 20

காலையில் திறந்தார்கள். மாலை கண் விழித்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது மோரேயைப் பற்றி அல்ல, தண்ணீர்.

நவம்பர் 7

வட இங்கிலாந்தின் ஹெக்ஸம் மடத்துத் துறவிகளுக்கு ஒரு பாதுகாப்புக் கடிதம், 1297-இல் இதே தேதி. ஸ்காட்லாந்துப் படை நார்தம்பர்லாந்தைச் சூறையாடிக்கொண்டிருந்த நாட்கள். இங்கும் மோரே, வாலஸ் என்ற அதே வரிசை. லண்டனில் கைதியாக இருந்த அரசர் ஜானின் பெயரால், நாட்டுச் சமூகத்தின் சம்மதத்தோடு, ஓராண்டுக்குச் செல்லும் கடிதம். கைதியான அரசர், படுத்துக்கிடக்கும் தலைவர், குதிரை மேல் இருக்கும் வாலஸ்: மூவரில் ஒருவர் மட்டுமே அங்கே இருந்தார் என்று நினைக்கிறேன். நாட்டின் அதிகாரம் என்பது அவர்களுக்கு அங்கே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாக இல்லை.

இதற்குப் பிறகு மோரேயின் பெயர் எந்தக் கடிதத்திலும் முன்னால் வருவதில்லை. 1298 மார்ச் 29 அன்று டார்ஃபிக்கனில் அலெக்சாண்டர் ஸ்க்ரிம்ஜருக்கு டண்டீ கோட்டையின் காவலர் பதவி வழங்கிய ஆவணத்தில் வாலஸ் தனியாக, அரசருக்குப் பதிலாக ஆள்பவர் என்ற பொருளில் நாட்டின் காவலர் என்ற பட்டத்தோடு நிற்கிறார். ஜூலை 22 அன்று ஃபால்கிர்க்கிலும் ஈட்டிப்படையின் தலைமை அவர் ஒருவரிடமே இருந்தது. குதிரைப்படை சண்டையிடாமலே களத்தைவிட்டுப் போனது. ஈட்டிப்படை அம்புகளுக்கு முன் நின்று அழிந்தது. மோரே இருந்திருந்தால் அந்தக் குதிரை வீரர்கள் நின்றிருப்பார்களா என்பதை அண்ணனிடம் கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 9

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டார். 1298-இல், தந்தையைப் பார்க்காமலே பிறந்த பிள்ளை. அவருக்கும் ஆண்ட்ரூ என்றே பெயர். வளர்ந்து ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் சகோதரி கிறிஸ்டினாவை மணந்தார், இருமுறை நாட்டின் காவலரானார், 1335 நவம்பர் 30 அன்று கல்பிளீனில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற டேவிட் ஸ்ட்ராத்போகியை முறியடித்தார். 1337-இல் தன் குடும்பத்துச் சொத்தான பாத்வெல் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டு, மறுபடி அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்று அதன் பெரிய கோபுரத்தில் பாதியை இடித்துக் கிளைடு ஆற்றில் தள்ளினார். சொந்த வீட்டையா என்று அண்ணன் இரண்டு முறை கேட்டார். கிறிஸ்டினா கில்ட்ரம்மி கோட்டையை முற்றுகைக்கு எதிராகக் காத்த கதையை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மாத்திரை நேரம் ஆகிவிட்டது.