என் பாட்டில் என் பெயர் ஏறிய கதை

ஒருவழியாகப் போன கிழமை அந்தப் பாட்டின் விபரத்தில் என் பெயர் வந்துவிட்டது. வரிகள், மெட்டு இரண்டிலும்.

கொழும்பில் பேர்பெற்ற இசைக்குழு ஒன்று வெளியிட்ட பாட்டு. பல்லவியும் முதல் சரணமும் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் நான் எழுதி மெட்டுப் போட்டவை. வட்ஸ்அப்பில் பாடி அனுப்பியிருந்தேன். வெளிவந்தபோது பாடல், இசை எல்லாம் குழுவின் பெயரில். என் பெயர் 'நன்றி' வரிசையில், ஒலிபெருக்கிக்காரருக்கும் கீழே.

முகாமையாளரைக் கேட்டால், "உங்கட பேர் போட்டிருக்குத்தானே தங்கச்சி, பிறகென்ன?" என்றார். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பாடுகிறவளுக்கு இவ்வளவு போதும் என்ற நினைப்பு. அது இன்னும் சுடுகிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது இல்லாத ஒரு கடதாசி. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஒரு கந்தோரில் காத்து நின்றேன். எழுதுவினைஞர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் பேசிப் பயனில்லை என்று அனுப்பிவிட்டார். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவே கிடையாது! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டு உருவானதுமே உரிமை ஆக்கியவருக்கு வந்துவிடும். அவர் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் இருக்கும். பெயரைப் போடும்படி கேட்கும் உரிமை 10ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். யாராவது சான்றிதழ் கேட்டால் அதை நீட்டுங்கள்.

அடுத்தது சான்று. பாடி அனுப்பிய கைபேசி பழுதாகிவிட்டது. அன்றிரவே தோழிக்கும் அனுப்பியிருந்ததால் தப்பினேன். அவள் எதையும் அழிக்கவில்லை. திரையைப் படம்பிடித்து அச்செடுத்ததைச் சட்டத்தரணி ஏற்கவில்லை. திகதியோடு முழு உரையாடலும் வேண்டும், ஒலிக்கோப்பு கைபேசியிலேயே இருக்கவும் வேண்டும் என்றார். ஒத்திகையில் ஆர்மோனியம் வாசித்த மாமா சத்தியக்கடதாசி தந்தார். அதில் சமாதான நீதவானின் முத்திரை தெளிவாக விழவில்லை என்று மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அந்த வெயிலில் மாமாவைத் திரும்ப உவர்மலைக்கு ஏற்றியதுதான் மனவருத்தம். முத்திரையை அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

என் பெயரைப் போடும்படி கேட்டுக் குழுவுக்குக் கடிதம் பதிவுத் தபாலில் போனது. இவ்வளவு காலம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று பதில் வந்தது. சட்டத்தரணி, 'புரோக்கல் ஹாரும்' என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் ஓர்கன் கலைஞர் மத்தியூ பிஷரை எடுத்துக்காட்டினார். 1967இல் வந்த பாட்டில் பங்கு கேட்டு அவர் 2005இல்தான் வழக்குப் போட்டார்; 2009இல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை அந்தப் பாட்டில் அவருடைய 40 வீதப் பங்கை உறுதிசெய்தது. அதற்குப் பிறகு கொழும்புக் குழுவின் குரல் தணிந்தது.

ஆனாலும் கடைசியில் ஒரு முயற்சி செய்தார்கள்: "பின்னணிக் குரல் எண்டு போடுறம், சரிதானே?" சரியில்லை என்றேன். பாடியதற்கு உரிமை வேறு, எழுதியதற்கு உரிமை வேறு. இந்த இடத்தில் தலையாட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும். வரிகள், மெட்டு என்று தனித்தனியாக எழுதிய பிறகே கையெழுத்து வைத்தேன்.

பாட்டுக் கேட்கும் செயலிகளில் மாற்றிவிட்டார்கள். யூடியூப்பில் இன்னும் பழைய விபரம்தான் இருக்கிறது. மாத முடிவுக்குள் திருத்துவதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள். திருத்தாவிட்டால் அனுப்ப அடுத்த கடிதம் தயாராக இருக்கிறது.