சபை தொடங்கப் போகிற டிசைனரின் நோட்டு

பல வருடம் டிசைன் வேலை பார்த்தவர் புது ஊரில் சபை தொடங்கக் கிளம்பினால், நோட்டின் முதல் பக்கத்தில் லோகோதான் வந்து உட்காரும். சிலுவை, புறா, கோதுமைக் கதிர், திறந்த வேதாகமம் என்று பென்சிலில் முப்பது நாற்பது சிறு கட்டங்கள். எந்த வேலை வந்தாலும் முதலில் அதன் முகத்தை வரைந்து பார்க்கக் கை பழகியிருக்கிறது. ஆனால் அந்த ஊரில் அவருக்கு இன்னும் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. லோகோவை ஆறு மாதம் கழித்து வரையலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. எதிர்வீட்டு அம்மாவின் பெயரை முதல் வாரம் கேட்காமல் விட்டால், ஆறாம் மாதம் கேட்க வாய் வராது.

டிசைன் வேலையில் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு ஊழியமும் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். சென்னையிலிருந்து ஓசூருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் நோட்டு. ஏ5 அளவு போதும். பைக் பையில் அடங்கும், திண்ணையில் உட்கார்ந்தால் மடியில் வைத்து எழுதலாம். கட்டாயம் தையல் பைண்டிங்காக இருக்கட்டும். கம் பைண்டிங் நோட்டு வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் சில மதியங்கள் கிடந்தால் பசை இளகி, நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிடும். ஸ்பைரலில் கம்பி நசுங்கினால் பக்கம் திரும்பாது. கடையில் கிடைக்காவிட்டால் பைண்டிங் கடையில் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். 48 ஏ4 தாளை நான்கு நான்காகச் சேர்த்து நடுவில் மடித்தால் 16 பக்கப் பாரம் (சேர்த்துத் தைக்கும் மடிப்புக் கட்டு) 12 வரும், ஆக 192 பக்கம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண ஏ4 கட்டில் காகிதத்தின் கிரெயின், அதாவது நார் ஓடும் திசை, பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அதை நடுவில் மடித்தால் கிரெயின் முதுகுக்குக் குறுக்கே வந்து, பக்கங்கள் விறைத்துக்கொண்டு எழும்பும். எத்தனை முறை அழுத்தினாலும் நோட்டு விரிந்து படுக்காது. நீளவாக்குக் கிரெயின் உள்ள ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டச் சொன்னால், கிடைக்கும் ஏ4-இல் கிரெயின் குறுகிய பக்கத்தோடு ஓடும், மடிப்போடு ஒத்துப்போகும். சந்தேகம் இருந்தால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணங்கி வளைகிறதோ, அந்த மடிப்புக்கு இணையாகக் கிரெயின் ஓடுகிறது. தாள் 80 ஜிஎஸ்எம் (காகிதத்தின் எடை அளவு) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத எழுதும் தாள், போதும். மை பேனாவில் எழுதுகிறவர் 100-க்குப் போகலாம்.

பேனாவையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பத்து நிமிடம் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாய மையாக இருந்தால் எழுத்து கரைந்து ஓடும், பிக்மென்ட் மையாக இருந்தால் அப்படியே நிற்கும். மழையில் வீடு வீடாகப் போகிறவருக்கு இது முக்கியம்.

192 பக்கத்துக்கும் கையாலேயே எண் போட்டு, முதல் நான்கு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டுவிடுங்கள். இடது பக்கத்தில் பார்த்ததும் கேட்டதும், வலது பக்கத்தில் அதனால் செய்ய வேண்டியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால், மூன்று வாரம் கழித்துப் புரட்டும்போது செய்யாமல் விட்ட வேலை, கேட்ட கதைகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும். ஜெபக்குறிப்புகளை, பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டைத் திருப்பி எழுதுவோமே, அந்த மாதிரி பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்னால் இருந்து வருவதும் பின்னால் இருந்து வருவதும் நெருங்கும்போதே அடுத்த நோட்டைத் தைக்கக் கொடுத்துவிட வேண்டும். இடுக்கில் நுணுக்கி எழுதிய குறிப்பை யாரும் திரும்பப் படிப்பதில்லை.

டிசைன் வேலைக்குத் தனி நோட்டு, வேறு நிற அட்டையில். டிசைனர் தன் நோட்டை வாடிக்கையாளர் முன்னால் மேஜையில் விரித்து வைத்து, பக்கத்தைத் திருப்பித் திருப்பி ஸ்கெட்ச் காட்டுகிறவர். ஒரு குடும்பத்தின் கடன் விவரமோ ஒரு பெண்ணின் கண்ணீரோ எழுதிய பக்கம் அங்கே திறந்துவிடக் கூடாது.

எப்போது வீடு மாறுவது? ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பிறகு டிசம்பர் வரை காலண்டர், டைரி, கிறிஸ்துமஸ் அட்டை என்று அச்சு வேலை பார்க்கிற டிசைனருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த மாதங்களில் ஊர் மாறுகிறவர் புது ஊரிலும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பார், தெருவுக்கு வரமாட்டார். ஏப்ரல், மே நல்லது. பிள்ளைகளின் படிப்பும் ஜூனில் ஒழுங்காகத் தொடங்கும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் முகவரி மாறிய 15 நாட்களுக்குள் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். வாடகை மலிவு என்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வீடு பிடித்து, தொழில் முகவரியையும் அங்கே மாற்றினால் அது கர்நாடகம். திருத்தம் செல்லாது, புதுப் பதிவே எடுக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது ஒவ்வொரு ஹாலையும் நோட்டில் அளவோடு வரைந்துகொள்ளுங்கள். 10-க்கு 12 அடி ஹால் என்றால், பேசுகிறவருக்கு முன்னால் 3 அடி விட்டு, வரிசைக்கு 3 அடியாக மூன்று வரிசை. அகலத்தில் நடக்க இரண்டரை அடி விட்டால் வரிசைக்கு நான்கு நாற்காலி. மொத்தம் 12 பேர். பாய் விரித்தால் இன்னும் சிலர் நெருங்கி உட்காரலாம், ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள். செருப்பு எங்கே விடுவது, வண்டி எங்கே நிறுத்துவது என்பதையும் அந்தப் படத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் வாசலில் சிதறிய செருப்பாலும் பக்கத்து கேட்டை அடைத்து நின்ற பைக்காலும்தான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, வாரம் இத்தனை நாள், இத்தனை மணிக்கு, இத்தனை பேர் ஜெபத்துக்கு வருவார்கள் என்று வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். அவர் சம்மதித்தால் ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். "சொந்தக்காரங்க வருவாங்க" என்று மழுப்பிக் குடியேறுவது, பொய்யின் மேல் அஸ்திவாரம் போடுவது. குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10-க்கு மேல் 45. பன்னிரண்டு பேர் உட்காரும் அறைக்கு மைக்கும் பாக்ஸும் தேவையே இல்லை. பிற்காலத்தில் ஆலயமாகவே கட்டடம் எழுப்புவதானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் வலது பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள்.

முதல் 90 நாள் நோட்டில் பெயர்களைத் தவிர வேறு பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்:

"ச. அக்கா. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மாடி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கணவர் இந்த வாரம் பி ஷிஃப்ட். அம்மாவுக்கு முழங்கால். ஜெபிக்கச் சொன்னார். மறுபடி: வியாழன் சாயங்காலம்."

வீட்டுக்கு அடையாளம், பேசும் மொழி, ஷிஃப்ட், அவரே வாய்விட்டுச் சொன்ன ஒரு தேவை, அடுத்த நாள். இந்த ஐந்தும் போதும். நாமே ஊகித்ததை எழுதக் கூடாது. "விசுவாசத்தில் பலவீனர்" என்று ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டுப் படி ஏறும்போது நம் கண் அதைத்தான் தேடும். அவர் முன்னால் வைத்து எழுதுவதையும் தவிருங்கள், கணக்கெடுக்க வந்த ஆள் மாதிரி ஆகிவிடும். வெளியே வந்து, தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுங்கள். இரவு வரை தள்ளிப்போட்டால் பெயர் நிற்கும், முழங்கால் வலி மறந்துபோகும். வியாழக்கிழமை போய் "அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்பதில்தான் அந்தக் குடும்பத்தோடு உறவு தொடங்குகிறது.

டிசைனரின் கிரிட் பழக்கம், அதாவது கட்டம் போட்டு அடுக்கும் பழக்கம், உண்மையாகவே உதவும் இடம் ஷிஃப்ட். ஓசூர் தொழிற்சாலை ஊர். டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட், அவற்றைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள். பொதுவாகக் காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று ஷிஃப்ட் ஓடும், முறை மாறிக்கொண்டே இருக்கும். ஏழு நாள் குறுக்கே, மூன்று ஷிஃப்ட் நெடுக்கே கட்டம் போட்டு, ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் இருக்கும் வேளைக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஆறு வாரம் புள்ளி வைத்தால் எந்தக் கட்டம் கறுத்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஞாயிறு காலை 10 மணி ஆராதனை என்று சென்னைப் பழக்கத்தில் முடிவு செய்துவிட்டு, இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போன தம்பியை "சபைக்கு ஒழுங்காக வருவதில்லை" என்று குறை சொல்வது நியாயமா?

பெயர்ப் பக்கத்தில் இன்னொரு வரி வேண்டும்: முன்பு போன சபை எது? ஊருக்கு வந்த முதல் மாதமே சிஎஸ்ஐ ஆயர், கத்தோலிக்கப் பங்குத்தந்தை, பெந்தெகொஸ்தே போதகர்கள் என்று எல்லோரையும் போய்ப் பார்த்து வணக்கம் சொல்லிவிடுங்கள். வேறு சபையிலிருந்து ஒருவர் வந்தால் அவருக்குத் தெரியப்படுத்திவிட்டு அந்தப் போதகருக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆடு திருடிச் சேர்த்த மந்தை அடுத்த வேலியும் தாண்டும்.

எழுதக் கூடாதவை சில உண்டு. தனியாக வந்து ஒருவர் அறிக்கையிட்ட பாவம், கணவன் மனைவி சண்டையின் விவரம், நோயின் பெயர், இவை நோட்டில் வரவே கூடாது. "பேசினோம். வெள்ளி மறுபடி" என்பது போதும். முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். நோட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டால் யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. வீட்டுக்குத் தெரியாமல் ஜெபத்துக்கு வருகிறவரின் பெயரும் விலாசமும் அதில் இருந்தால் அடி விழுவது அவர்மேல். பக்கங்களை போனில் ஸ்கேன் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் ஜெபக்குறிப்புப் பகுதியை விட்டுவிடுங்கள். அது தானாக க்ளவுடில் ஏறி, குடும்பத்தின் எல்லா போனிலும் இறங்கும்.

பணம் இந்த நோட்டுக்குள் வரக் கூடாது. காணிக்கை பத்து ரூபாயாக இருந்தாலும் தனி ரொக்கப் புத்தகம். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ண வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று ரூபாய்த் தாள் வாரியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் வங்கியில் கட்டிவிட வேண்டும். போதகர் எண்ணக் கூடாது. டிரஸ்ட் பத்திரம் பதிவாகி, அதன் பெயரில் பான் எடுத்து, கணக்குத் திறக்கும் வரை தன் சொந்தக் கணக்கில் போட்டு வைக்கலாம் என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தக் கணக்கில்தான் டிசைன் வேலைக்கான பணமும் வருகிறது. வருட முடிவில் எது எதுவென்று பிரிக்க முடியாது. வெளிநாட்டுக் காணிக்கையிலும் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்த அண்ணன் அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. ஹால் வாடகை, நாற்காலி வாங்கிய ரசீதுகள் தெர்மல் தாளில் வந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாள் ஆகிவிடும்.

பிரசங்கக் குறிப்புக்கு டிசைனரின் தம்ப்நெயில் முறை, அதாவது சிறு கட்டங்களில் பல மாதிரி வரைந்து பார்ப்பது, நன்றாகவே ஒத்துவரும். ஒரு பக்கத்தில் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரே வேதபகுதியை ஒவ்வொரு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒன்று தேறும். பாட்டு ஸ்லைடு பற்றி ஒரு வார்த்தை: பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை அடுத்தவர் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்லைடுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

முதல் நோட்டு முடியும்போது ஸ்டேஷனரி கடையில் 2 குயர் ரெஜிஸ்டர் ஒன்று வாங்குங்கள். நம் மண்ணில் இதற்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. 1780-இல் பாளையங்கோட்டையில் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தாவும் அதில் ஒருவர். ஆலயம் 1785-இல்தான் பிரதிஷ்டை ஆனது. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை அந்த 40 பெயரிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

ரெஜிஸ்டரில் வரிசை எண், பெயர், வந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, குடும்பம், முன்பு போன சபை என்று ஆறு பத்தி போதும். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவருக்கு அந்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். நோட்டில் முதலெழுத்தாக இருந்தவரை ரெஜிஸ்டரில் முழுப்பெயராக ஏற்றுவதற்கு முன் அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் எழுத்துப்படியே எழுத வேண்டும். "இன்னும் வேண்டாம்" என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். பிறகு யாராவது வேலை மாறி வேறு ஊர் போனால் பெயரை அழிக்கவோ தாளைக் கிழிக்கவோ வேண்டாம். பெயர் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் தேதி, போன ஊர்.