ஓர்க்னியின் அடைப்புக் கப்பல்கள்: பத்து மீட்டருக்குள் ஒரு குளிர்நீர் முக்குளிப்பு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகள். ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் தளத்தின் கிழக்கு வாசல்களை அடைக்க இரண்டு உலகப் போர்களிலும் இங்கே பழைய கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். 1939 அக்டோபரில் ஜெர்மனியின் யு-47 நீர்மூழ்கி அந்த அடைப்பையும் தாண்டிப் புகுந்து பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலைத் தகர்த்தது. அதன் பிறகுதான் தீவுகளை இணைத்து வாசல்களை மூடும் ‘சர்ச்சில் தடுப்பணைகள்’ கட்டப்பட்டன. ராயல் ஓக் இன்று போர்க் கல்லறை, அங்கே முக்குளிக்கத் தடை. மூன்றாம் தடுப்பணையை ஒட்டிக் கிடக்கும் கப்பல்களுக்கோ படகே வேண்டாம், கரையிலிருந்தே நீந்திப் போகலாம். 1915-இல் மூழ்கடித்த ரெஜினால்டின் இரும்புக்கூடு இன்றும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது.

அணை நீரோட்டத்தை மறித்துவிட்டதால் ஓத அட்டவணை பார்த்து இறங்கும் தொல்லை இல்லை. பார்க்க வேண்டியது காற்றைத்தான். கிழக்குக் காற்று என்றால் வட கடல் அலை நேராக உள்ளே வரும், மேலே கிடக்கும் கப்பல் தகடுகளில் ஆளை உரசிவிடும். அன்றைக்குப் போகாமலிருப்பதே மேல். அணையின் கான்கிரீட் கட்டிகள் வழுக்கும். அவற்றின் மேல் சிலிண்டரோடு இறங்க வேண்டாம், அணை முடியும் இடத்து மணற்கரையே நல்ல வழி.

ஆகஸ்டிலும் தண்ணீர் 13, 14 டிகிரிதான். மார்ச்சில் 6, 7. ஸ்நார்க்கலுக்கு (சிலிண்டர் இல்லாமல் குழாய் வழியே மூச்சு விட்டு நீந்துவதற்கு) 7 மி.மீ. வெட்சூட் என்னும் ரப்பர் உடை, 5 மி.மீ. தலையுறை, கையுறை. இறங்கியதும் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தானாக வாங்கும். அது அடங்கும்வரை முகத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோகவே கூடாது. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட மறுத்தால் கரையேறும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எடைப்பட்டியின் கொக்கியைக் கழற்றவும் விரல் வராது.

தலையுறை இறுக்கமாக இருந்தால் காதுக்கு வெளியே காற்று சிக்கிக்கொள்ளும், மூக்கைப் பிடித்து என்னதான் ஊதினாலும் காது திறக்காது. ஓரத்தை இழுத்துக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே விட்டால் சரியாகிவிடும். மூச்சடக்கி இறங்குவதானால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இருவரும் சேர்ந்து இறங்கக் கூடாது.

பலருக்கும் உதைப்பது, மிதக்காமல் மூழ்கக் கட்டிக்கொள்ளும் ஈயத்தின் கணக்குதான். நன்னீர்க் குளத்தில் சரிபார்த்த எடை கடலில் போதாது. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் சுமார் 2.5 கிலோ கூட்ட வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 230 பார் அழுத்தத்திலிருந்து 50 பார் வரை சுவாசித்தால் 2,160 லிட்டர் காற்று, ஏறக்குறைய 2.6 கிலோ, வெளியே போய்விடுகிறது. ஆழமான முக்குளிப்பில் இது அவ்வளவாகத் தெரியாது. இங்கே பாதி நேரம் 3 மீட்டரில்தான் இருப்போம், கடைசியில் தக்கைபோல மேலே தூக்கிவிடும். ஆகவே 50 பார் மிச்சமிருக்கும் சிலிண்டரோடு, பிசிடியை (காற்றடைக்கும் மிதவைச் சட்டையை) காலி செய்து, 3 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பார்த்த பிறகே ஈயத்தை முடிவு செய்ய வேண்டும். ஆழம் குறைவு என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவதும் ஆபத்து. 5 மீட்டரிலிருந்து மேலே வரும்போதே நுரையீரல் காற்று ஒன்றரை மடங்காகும்.

காற்று தீராது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 6 மீட்டரில் 32 லிட்டர். அந்த 2,160 லிட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வரும். முதலில் தீர்வது உடம்புச் சூடு. முழு நேரமும் வேண்டுமென்றால் தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட்தான்.

10 டிகிரிக்குக் கீழே குளிர்நீருக்கென்று சோதித்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) வேண்டும். விரிகிற காற்று குளிர்ந்து அதன் முதல் நிலையில் (சிலிண்டரில் பொருத்தும் பகுதியில்) பனி கட்டினால் காற்று நிற்காமல் கொட்டும். கரையில் நின்று ரெகுலேட்டரில் மூச்சு விட்டுப் பார்ப்பது, பிசிடிக்குக் காற்று ஏற்றிக்கொண்டே காற்றைப் பீய்ச்சிவிடும் பர்ஜ் பட்டனை அமுக்குவது, இரண்டும் அதை வரவழைக்கும் வேலைகள்.

வெளிச்சம் படும் தகடுகளெல்லாம் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிக் காடு. ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) வாரின் தொங்கும் நுனிகளை டேப்பால் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாசி சுற்றிக்கொள்ளும். அழகெல்லாம் நிழலில் இருக்கிறது. சாய்ந்த தகட்டின் அடியில் டார்ச்சைக் காட்டினால் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்திகள் (பூப்போன்ற கடல் உயிரினங்கள்), இடுக்கில் நண்டு. டார்ச் இல்லாமல் போனவர் வெறும் பாசியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வெளியே நின்றே பார்க்க வேண்டும். துருவேறிய விளிம்பு கையுறையைக் கிழிக்கும், நூறாண்டுத் தகடு எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. கப்பலிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்.