சொல்லாத ‘தான்’

“மின்சாரம் நின்றால் விளக்கு அணையும்” என்பது ஒரு நிபந்தனைக் கூற்று. விளக்கு இப்போது அணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் நின்றுவிட்டது என்று முடிவு கட்டலாமா? கட்டக் கூடாது. பல்பு பழுதாகியிருக்கலாம், யாரேனும் சுவிட்சை அணைத்திருக்கலாம். அந்தக் கூற்று இவற்றில் எதையும் விலக்கவில்லை.

அளவையியலை, அதாவது சரியாகக் காரணம் காட்டி முடிவு செய்யும் முறைகளைப் பற்றிய துறையை, படிக்கத் தொடங்கிய நாள்முதல் இந்தத் தவற்றை நான் உன்னிப்பாகக் கவனித்து வருகிறேன், ஏனெனில் அதன் வேர் தமிழில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. “நின்றால் அணையும்” என்பதும் “நின்றால்தான் அணையும்” என்பதும் ஒன்றல்ல. ‘தான்’ சேர்ந்ததும் கூற்றின் திசையே மாறி, விளக்கு அணைந்திருந்தால் மின்சாரம் நின்றிருக்கிறது என்ற பொருள் வந்துவிடுகிறது. சொன்னவர் சேர்க்காத ‘தான்’ என்பதைக் கேட்பவர் தாமாகவே சேர்த்துக்கொள்வதால்தான் ஒரு கூற்றும் அதன் மறுதலையும் (இரு பகுதிகளையும் இடம் மாற்றிய கூற்றும்) ஒன்றெனத் தோன்றுகின்றன. அன்றாடப் பேச்சில் இதற்கு நியாயம் உண்டு: “வேலையை முடித்தால் பணம் தருகிறேன்” என்பவர், முடிக்காவிட்டால் தரமாட்டேன் என்பதையும் உணர்த்தவே செய்கிறார். ஆனால் கணித நிறுவலில், உணர்த்தப்பட்டதற்கு இடமில்லை. சொல்லப்பட்டதற்கு மட்டுமே இடம் உண்டு. 4ஆல் வகுபடும் எண் 2ஆலும் வகுபடும். 2ஆல் வகுபடும் 6, 4ஆல் வகுபடுவதில்லை.

விதிவருமுறைத் தருக்கம், அதாவது ஏற்றுக்கொண்ட கூற்றுகளிலிருந்து தவிர்க்க முடியாமல் பின்தொடரும் முடிவுகளை மட்டுமே ஏற்கும் முறை, இத்தகைய கூற்றிலிருந்து இரண்டு முடிவுகளையே அனுமதிக்கிறது. மின்சாரம் நின்றது என்று தெரிந்தால், விளக்கு அணைந்தது எனலாம். விளக்கு எரிகிறது என்று தெரிந்தால், மின்சாரம் நிற்கவில்லை எனலாம். முதலாவது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. இரண்டாவது, பிற்கூறு (‘விளக்கு அணையும்’) பொய் என்பதிலிருந்து முற்கூறு (‘மின்சாரம் நின்றால்’) பொய் என்பதற்குப் பின்னோக்கிச் செல்வதால், பயிற்சி இல்லாமல் கைகூடுவதில்லை.

எவ்வளவு கடினம் என்பதை உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் விவரித்த சோதனை காட்டுகிறது. அதைத் தமிழ் எழுத்துகளில் இப்படி அமைக்கலாம்: நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிபவை அ, க், 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்” என்ற விதி உண்மையா என்றறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? நான் முதலில் ‘அ’வையும் 4ஐயும் தேர்ந்தெடுத்தேன், பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதும் அவற்றையோ ‘அ’வை மட்டுமோதான். சரியான விடை ‘அ’வும் 7உம். 4இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி பொய்யாகாது, ஏனெனில் மெய்யெழுத்தைப் பற்றி விதி எதுவுமே சொல்லவில்லை. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தாலோ, விதி அங்கேயே முறிகிறது. விதியை மெய்ப்பிக்கக்கூடிய அட்டையை நாடிய என் மனம், அதை முறிக்கக்கூடிய அட்டையைப் பார்க்கவே இல்லை.

உளவியலாளர்கள் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் இருவரும் 1982இல் இதே வடிவத்தில், பீர் அருந்துபவர் 19 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும் என்ற விதியைக் கொடுத்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சரியாக விடையளித்தார்கள். விதியை மீறுபவரைத் தேடச் சொன்னால் மனம் தானாகவே 7ஐப் போன்ற, விதியை முறிக்கக்கூடிய அட்டையின் பக்கம் செல்கிறது போலும்.

“நெருப்பில்லாமல் புகையாது” என்ற பழமொழியும், புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பதன் பின்னோக்கிய வடிவமே; இரண்டும் ஒரே பொருளுடையவை. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்பது மட்டும் அதிலிருந்து கிடைக்காது, நன்கு கனன்ற கரித்தணலில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றிய வதந்திக்கு இந்தப் பழமொழியைச் சான்றாகக் காட்டுகிறவர்களிடம் தருக்க வடிவத்தில் பிழையில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: அடிப்படையே இல்லாமல் ஒரு வதந்தி பிறக்க முடியாது என்ற முதல் கூற்றை எங்கிருந்து பெற்றீர்கள்?